அம்மாவின் கட்டைப்பையும் 6,000 ரூபாய்க்குள் ஓர் அலமாரியும்!

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மயிலாடுதுறையில் அடைமழை. பண்டிகைக்கு முந்தின நாள் ராத்திரி, அம்மா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு கட்டைப்பையை இழுத்தார். ஜவுளிக்கடையில் புடவை எடுத்தால் கொடுப்பார்களே, மரக் கைப்பிடி வைத்த பை, அதேதான். உள்ளேயிருந்து மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவையை எடுத்து விரித்தார். மடிப்பு நெடுகச் சாம்பல் நிறத்தில் பூசணம்.

நான் பதறிவிட்டேன். அம்மா பதறவில்லை. "பழசுதானே, விடு" என்று மறுபடி மடித்து அதே பையில் வைத்தார். அது அவருடைய நிச்சயதார்த்தப் புடவை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் பாட்டிக்கு டிரங்குப் பெட்டி இருக்கிறது. அப்பாவுக்குச் சுவர் அலமாரி. தம்பிக்கு பீரோவில் இரண்டு தட்டு. நான் வேலைக்காகச் சென்னைக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும், எனக்கென்று பீரோவில் ஒரு தட்டு அப்படியே இருக்கிறது. மீதித் தட்டில் வீட்டுப் பத்திரம், பாங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு. அம்மாவுக்கு? மூன்று கட்டைப்பை, கூடத்து மூலையில் ஒரு கொடி. கல்யாணமாகி 27 வருஷமாக அவ்வளவுதான்!

'இந்த லீவு முடியறதுக்குள்ள அம்மாவுக்கு ஒரு அலமாரி' என்று முடிவு செய்தேன். அதில் நான் செய்த தப்புகளையும், கடைசியில் சரியாக வந்ததையும்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்கிறேன். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு நிச்சயம் உதவும்.

பெரிய வீடு, ஆனால் இடம் இல்லை... ஏன்?

எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம் எல்லாம் உண்டு. ஆனால், துணி வைக்க இடம் கிடையாது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் நெல்லுக்குக் குதிர் வைத்தார்கள். பித்தளை அண்டாவுக்குப் பரண் வைத்தார்கள். விளக்குக்கு மாடம் வைத்தார்கள். துணி அப்போது ஆளுக்கு நாலைந்து உருப்படிதான். கட்டியது போக மீதி கொடியில் தொங்கும், நல்ல துணி டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். இன்றைக்கு ஒருவரின் துணியே அந்தப் பெட்டிக்குள் அடங்காது. வீடு மாறவில்லை, நாம் மாறிவிட்டோம்.

நான் செய்த மூன்று தப்பு

முதல் தப்பு, எடுத்த எடுப்பில் விலை கேட்டது. ஏழடி உயரம், ஐந்தடி அகலத்தில் ப்ளைவுட் அலமாரி என்றால் எவ்வளவு ஆகும் என்று ஒரு கடையில் கேட்டேன். சதுர அடிக் கணக்குப் போட்டு 52,000 ரூபாய் என்றார்கள். என் சம்பளத்துக்கு அது கனவு. அம்மா காதில் அந்தத் தொகை விழுந்ததும், "எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று பேச்சையே முடித்துவிட்டார். என்ன வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே விலை கேட்டால், வேண்டவே வேண்டாம் என்ற முடிவுக்குத்தான் வருவோம்.

இரண்டாவது தப்பு, ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு ஒரு துணி அலமாரி வாங்கியது. மெல்லிய குழாய்களைப் பிளாஸ்டிக் மூட்டில் சொருகி, மேலே உறை மாட்டி, ஜிப் போட்டு மூடுவது. படத்தில் அழகாக இருந்தது. புடவைகளை அடுக்கிய மூன்றாம் நாளே நடுவில் தொய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அது போகட்டும். மழைக்காலத்தில் ஜிப்பை மூடி வைத்ததால் உள்ளே காற்றே போகவில்லை. திறந்தால் ஈர வாடை. பூசணத்துக்குப் பயந்து வாங்கியது, பூசணத்துக்கே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது தப்பு, சுவரில் பலகை அடிக்கப் பார்த்தது. தம்பி டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி வந்தான். ஓட்டை போட்டால் வெள்ளையாகப் பொடி கொட்டிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக் பிளக்கை உள்ளே வைத்து ஸ்க்ரூவை முடுக்கினால், பிளக்கும் சேர்ந்து சுற்றியது. இழுத்துப் பார்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குக் காரையே பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. "பார்த்து... வீட்டையே இடிச்சிடாதீங்க" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த மூன்று தப்புக்கும் வேர் ஒன்றுதான். புது வீட்டுக்கான யோசனையைப் பழைய வீட்டில் செய்தது. பழைய வீட்டுக்கென்று சில குணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

காரைச் சுவர்: பழைய வீட்டுச் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் வைத்துக் கட்டியவை. மேல்பூச்சும் சுண்ணாம்புதான். சிமென்ட் போல அது ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளாது. டிரில் போடும்போது செங்கல் நிறத்தில் தூள் வந்தால் கல்லைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். வெள்ளைத் தூளே வந்துகொண்டிருந்தால் அந்த இடத்தில் எடையைத் தொங்கவிடாதீர்கள். பாரம் முழுவதையும் தரை தாங்க வேண்டும். சுவரின் வேலை, அலமாரி முன்பக்கம் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே.

சுவரைக் குடைய வேண்டாம்: "சுவர்தான் ஒன்றரை அடி கனம் இருக்கே, உள்ளே குடைந்து அலமாரி வைத்துவிடலாம்" என்று சிலர் சொல்வார்கள். பழைய வீட்டில் தூண், பீம் போட்ட கான்கிரீட் கட்டுமானம் கிடையாது. கூரையின் பாரம் முழுவதையும் அந்தச் சுவர்தான் சுமக்கிறது. பொறியாளர் வந்து பார்க்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

கூரையில் தொங்கவிட வேண்டாம்: ஓட்டு வீட்டின் கைமரம் ஓட்டைத் தாங்குவதற்காக வைத்தது. மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தாலும் இதே கதைதான். மர உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைக் காரையில் பதித்துப் போட்ட தளம் அது. அதில் கொக்கி அடித்து அலமாரியைத் தொங்கவிடுவது ஆபத்து.

ஓதம்: இதுதான் முக்கிய எதிரி. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஓர் அடிச் சதுரத்துக்குக் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் அகல டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் உலர்ந்த துணியால் பொடியைத் துடைத்துவிட்டு ஒட்டவும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை. ஓதச் சுவரை மறைக்க ஆயில் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட் கொப்பளித்து உரியும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் நல்லது.

கரையான்: சுவரில், நிலைப்படியில் மண்கோடு போல ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் மரமோ, ப்ளைவுட்டோ, அட்டைப்பெட்டியோ வைக்கக் கூடாது.

பாட்டி காட்டிய மூலை

எங்கள் வீட்டில் நான்கு இடத்தில் பாலித்தீன் ஒட்டினேன். மூன்றில் நீர் முத்து. எங்கே வைப்பது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் இருந்த பாட்டி கேட்டார்.

"என்னத்தடி தேடுற?"

"ஓதம் இல்லாத இடம் பாட்டி."

"என்னைக் கேட்டா சொல்லியிருப்பேனே. ரெண்டாங்கட்டுல குதிர் நின்ன மூலையப் பாரு. உங்க தாத்தா விதைநெல்லே அங்கதான் வச்சிருந்தாரு."

போய்ப் பார்த்தேன். உடைந்த கிரைண்டர், பழைய டிவி வந்த அட்டைப்பெட்டி, நூல் அறுந்த கட்டில் சட்டம் எல்லாம் அங்கே குவிந்திருந்தன. அவற்றை அப்புறப்படுத்தியதும் நாலடி அகலத்துக்குச் சுவர் கிடைத்தது. பாலித்தீன் ஒட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் மழைக்குப் பிறகும் தாள் காய்ந்தே இருந்தது. விதைநெல்லில் ஈரம் பட்டால் அடுத்த போகமே போச்சு. அதனால், வீட்டிலேயே காய்ந்த இடத்தைத் தேடித்தான் தாத்தா குதிர் வைத்திருக்கிறார்.

ஆகவே, டேப்பும் பாலித்தீனும் வாங்குவதற்கு முன்பு வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். எந்தச் சுவர் மழைக்கு ஊறும், எந்த மூலையில் எறும்பு வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அம்மாவின் உயரத்துக்கு ஓர் அளவு

நெட்டில் பார்க்கும் அலமாரி அளவுகள் சட்டை, கோட்டு தொங்கவிடுபவர்களுக்கானவை. ஹேங்கர் குறுக்கே ஒன்றரை அடி வரும். அதனால், அந்த அலமாரிகளுக்கு இரண்டடி ஆழம் வேண்டும். என் அம்மா ஹேங்கரில் எதையும் மாட்டுவதில்லை. மடித்துத்தான் வைப்பார். அவர் மடித்த புடவையை அளந்து பார்த்தேன். 14 அங்குல நீளம், 10 அங்குல அகலம். அப்படியென்றால் 15 அங்குல ஆழமே போதும்! இரண்டடி ஆழத்தில் செய்திருந்தால் பின்னால் போன புடவை பிறகு கண்ணிலேயே படாது, காசும் தண்டம்.

மூன்றடி அகலத் தட்டில் மூன்று அடுக்கு புடவை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஓர் அடுக்கில் ஏழு, எட்டுக்கு மேல் வேண்டாம். அடியில் இருப்பதை உருவினால் மொத்தமும் சரியும். தட்டுக்குத் தட்டு 14 அங்குல இடைவெளி விட்டால் கை தாராளமாக உள்ளே போகும்.

அம்மாவின் உயரம் ஐந்தடி. முட்டி வலி வேறு. இத்தனை நாள் ஒவ்வொரு புடவைக்கும் குனிந்து, தரையில் உட்கார்ந்து, கட்டிலுக்கு அடியில் கையை விட்டு எடுத்திருக்கிறார். அதனால், தினமும் கட்டும் புடவை, நைட்டி, பாவாடை, ரவிக்கை எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும்படி வைத்தோம். எப்போதாவது எடுப்பவை கீழ்த்தட்டுக்குப் போயின. அலமாரியைச் செய்துவிட்டு ஆளை அதற்கு வளைப்பதைவிட, ஆளை அளந்துவிட்டு அலமாரி செய்வது மேல்.

வாங்கியது என்ன, ஆனது எவ்வளவு?

மளிகைக்கடையில் சாமான் அடுக்கி வைத்திருப்பார்களே, வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் ரேக், அதைத்தான் வாங்கினோம். நட்டு போல்ட் முடுக்கி நாமே மாட்டலாம். தட்டின் உயரத்தை விருப்பம்போல மாற்றலாம். கரையான் தொடாது. வாடகை வீடு என்றால் கழற்றி எடுத்துப் போகலாம். செலவு இதோ:

ரேக் (ஆறடி உயரம், மூன்றடி அகலம், 15 அங்குல ஆழம், ஐந்து தட்டு): ரூ.3,900
ஆட்டோ கூலி: ரூ.250
சுவரோடு பிடிக்க எல் கிளாம்ப், ஸ்க்ரூ: ரூ.120
காலுக்கு ரப்பர் புஷ்: ரூ.80
திரைக்கு ஸ்பிரிங் கம்பி, கொக்கி: ரூ.180
மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா மூன்று: ரூ.720
பாலித்தீன், டேப்: ரூ.60
திரை தைக்கக் கூலி: ரூ.100
மொத்தம்: ரூ.5,410

இது எங்கள் ஊர்க் கடையில் நான் கொடுத்த விலை. தகட்டின் கனத்தைப் பொறுத்தும் ஊரைப் பொறுத்தும் கூடக் குறையலாம். நான்கைந்து இடம் விசாரித்து வாங்குங்கள்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் காற்று போக வேண்டும்.

கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். பெருக்கித் துடைக்கலாம். முற்றத்தில் சாரல் அடித்தாலும் துணி நனையாது.

மேலே இரண்டு இடத்தில் எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிடியுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை மறக்கவே கூடாது. தட்டில் கால் வைத்து ஏறினால் ரேக் மொத்தமும் அவர்கள் மேல் சாய்ந்துவிடும். காரை உதிரும் இடத்தைத் தவிர்த்து, நீள ஸ்க்ரூவாக வாங்கிச் செங்கல்லில் பிடிக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் ஓட்டை போடுவதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இரும்புத் தகட்டின் மேல் துணியை நேரடியாக வைக்காதீர்கள். துருக்கறை போகவே போகாது. துவைத்த பழைய வேட்டியைக் கிழித்து விரித்தோம். நியூஸ்பேப்பர் வேண்டாம், மை ஒட்டும்.

ஓட்டு வீட்டில் மேலிருந்து தூசி விழுந்துகொண்டே இருக்கும். அதனால் உச்சித் தட்டில் எதையும் அடுக்காமல், அதைக் கூரைபோல விட்டுவிட்டோம்.

கதவுக்குப் பதிலாகத் திரை. அம்மாவின் பழைய சுங்குடிப் புடவையை இரண்டாக வெட்டித் தைத்தது. தூசியைத் தடுக்கும், காற்றை விடும்.

இன்னும் குறைந்த செலவில்...

ரேக் வைக்கக்கூட இடம் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை என்பவர்களுக்கு மேலும் சில யோசனைகள்:

இருக்கும் அலமாரியில் இடைத்தட்டு: பழைய சுவர் அலமாரிகளில் தட்டுக்குத் தட்டு ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி இருக்கும். பாதி இடம் வெறும் காற்று. இரண்டு பக்கமும் ரீப்பர் வைத்து நடுவில் ஒரு பலகை போட்டால், துணி வைக்கும் இடம் இரட்டிப்பாகும். ரீப்பரின் ஸ்க்ரூ காரையில் பிடிக்காவிட்டால், இரண்டு ஓரத்திலும் பலகைத் துண்டுகளைக் கீழ்த்தட்டிலேயே கால்போல நிறுத்தி அதன் மேல் வையுங்கள். ப்ளைவுட் என்றால் 18 மில்லிமீட்டர் கனம் எடுங்கள். மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவிலும் ஒரு தாங்கல் வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் தொய்யும்.

பழைய பீரோ: இரண்டாம் கை பீரோ பல ஊர்களில் கிடைக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாய்த்து, அடித்தகட்டைப் பாருங்கள். துரு தின்றிருந்தால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். பூட்டு, லாக்கர், கதவுக் கீல் மூன்றையும் இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள்.

டிரங்குப் பெட்டி: பரணில் கிடப்பதை இறக்கி, துருவைத் தேய்த்து, பெயின்ட் அடித்து நான்கு செங்கல் மேல் வையுங்கள். மேலே மெத்தை விரித்தால் உட்காரவும் ஆச்சு, கம்பளியும் போர்வையும் உள்ளே போகவும் ஆச்சு.

கடப்பாக் கல்: ஏற்கெனவே மாடம் இருந்து பலகை மட்டும் உளுத்துப்போன இடங்களுக்கு இது நல்ல மாற்று. ஓதமும் கரையானும் எதுவும் செய்யாது. ஆனால், கனம் அதிகம். கொத்தனார் பார்த்து, இரண்டு ஓரமும் நன்றாகத் தாங்கும்படி வைத்துக் கொடுக்க வேண்டும்.

துணியை அடுக்குவதற்கு முன்...

மழைக்காலத்தில் முக்கால் காய்ச்சலில் துணியை மடித்து உள்ளே வைத்தால் எந்த அலமாரியும் காப்பாற்றாது. பட்டுப்புடவையைப் பிளாஸ்டிக் கவரில் வைக்காமல், துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்தால் ஜரிகை அந்த இடத்தில் முறிந்துவிடும்.

அந்துருண்டை போடுபவர்கள் அதைத் துணிப்பையில் முடிந்து, ஜரிகையில் படாமல் ஓரமாக வையுங்கள். பார்க்க மிட்டாய்போல இருக்கும். விழுங்கினால் விஷம் என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டவே கூடாது. காய்ந்த வேப்பிலையும் வசம்பும் எங்கள் பாட்டியின் வழி.

அந்த மஞ்சள் பட்டைப் பற்றிக் கேட்பீர்கள். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தி, வெளியே கொண்டுபோய் மென்மையான பிரஷ்ஷால் பூசணத்தைத் தட்டிவிட்டு, டிரை க்ளீனிங் கொடுத்தோம். கறை மங்கியிருக்கிறது. முழுதாகப் போகவில்லை. முன்கொசுவத்தில் மறைந்துவிடும் என்கிறார் அம்மா.

மூன்று கட்டைப்பையும் காலியானபோது இரண்டு தட்டும் இன்னொன்றில் பாதியும்தான் நிரம்பியிருந்தன. மீதி இடத்தைக் காட்டி, "இங்கே என்னம்மா வைக்கப் போறே?" என்றேன். "இருக்கட்டும்" என்று திரையை இழுத்து மூடினார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு போன் செய்தேன். தம்பிதான் எடுத்தான். விஷயம் இதுதான். குளித்துவிட்டு வந்த அப்பா, காலி இடம் இருக்கிறதே என்று தன்னுடைய துண்டை அந்தத் தட்டில் போட்டிருக்கிறார். அம்மா ஒன்றும் சொல்லவில்லையாம். துண்டை எடுத்துக்கொண்டுபோய்க் கூடத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தாராம்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். யாருடைய துணி பையில் இருக்கிறது?